மலைச்சரிவும் மழைநீரும்

ஐப்பசி பிறந்துவிட்டால் பதுளையிலே குடையின்றி வெளியே செல்வார் மிகச் சிலரே. காலையில் வெயில் காயும். பிற்பகல் ஆனதும் நமுனுகுலை மலையின் உச்சியிலே கருமேகம் திரளும். சிறிது நேரத்தில் இடியும் மின்னலும் சூழ மழை கொட்டத் தொடங்கும். கடைவீதிக் கான்கள் நிரம்பி வழியும். தோட்டங்களிலோ, லயங்களின் பின்புறத்தே செந்நீர் மண்ணை வாரிக்கொண்டு பள்ளம் நோக்கி விரையும். மழை ஓய்ந்ததும் மக்கள் வாசலைக் கழுவிவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கச் செல்வர். ஓடிய நீர் எங்கே சென்றது, எதைக் கொண்டு சென்றது, யாருடைய வாசலில் அதை இறக்கிவைத்தது என்று எண்ணிப் பார்ப்போர் அரியர். அவ்வாறு எண்ணிப் பார்ப்பதற்கு ஊவா மாகாணத்தைப் போலப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

மழைவெள்ளத்தை ஆள்வதற்கு இருவகை முறைகள் உலகிலே கையாளப்படுகின்றன. முதலாவது, கல்லாலும் கொங்கிறீட்டாலும் கான்களும் குழாய்களும் மதகுகளும் அமைத்து, விழுந்த நீரை விரைவிலே ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இதுவே நெடுங்காலமாக நகரங்களில் வழங்கிவரும் முறை. இரண்டாவது, மரம், புல், மண், குளம், சதுப்பு நிலம் ஆகியவற்றின் துணைகொண்டு, விழுந்த இடத்திலேயே நீரைத் தடுத்து, தாமதப்படுத்தி, இயன்ற அளவு மண்ணுள் இறங்கச் செய்வது. இதனைப் பசுமை முறை என்று இக்காலத்து அறிஞர் அழைக்கின்றனர். முன்னதைக் கல்முறை என்று அழைக்கலாம். இவற்றுள் எது செலவு குறைந்தது, எது பயன் மிகுந்தது என்பது நகரசபைகள் பலவற்றில் இன்று எழுந்திருக்கும் வினா. சமவெளி நகரங்களில் இதற்கு ஒருவாறு எளிதாக விடை கூறிவிடலாம். மலைச்சரிவிலோ அவ்விடையை அப்படியே எடுத்தாள இயலாது.

முதலில் நிலத்தின் அமைப்பைப் பார்ப்போம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதற்கு அண்மையிலுள்ள நமுனுகுலைச் சிகரமோ 2,000 மீற்றருக்குச் சற்று மேற்பட்டது. சுற்றிலும் உள்ள மலைகளிலிருந்து இறங்கும் நீரெல்லாம் பதுளு ஓயாவில் சேர்கிறது. அவ்வாறு நகரை வளைத்து ஓடி, துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாய் வீழ்ந்து, இறுதியில் மகாவலி கங்கையில் கலக்கிறது. ஊவாவின் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான சில மாதங்களில் அடர்ந்து பெய்வது. ஆடி, ஆவணி மாதங்களிலோ வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலையின் தனி மணத்திற்கு அக்காற்றே காரணம் என்பர். ஆகவே இம்மாகாணத்து மக்களுக்கு ஆண்டின் ஒரு பகுதியில் நீர் மிகையாவதும் மற்றொரு பகுதியில் பீலியில் நீர் நூலாக வடிவதும் பழகிப்போனவை. இவ்விரு துன்பங்களும் ஒரே நீரைப் பற்றியவை என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுந்த நீர் ஒரு லீற்றர். ஒரு ஹெக்டயர் என்பது 10,000 சதுர மீற்றர். ஆதலின் 100 மில்லிமீற்றர் மழையில் ஒரு ஹெக்டயர் மலையில் 10 இலட்சம் லீற்றர் நீர் விழுகிறது. அதன் நிறை 1,000 தொன். காடாயிருந்தால் அந்நீரிற் பெரும்பகுதியை இலையும் சருகும் வேரும் தாங்கிக்கொள்ளும். நன்கு பேணப்பட்ட தேயிலை மலையாயின் ஓரளவு தாங்கும். வெறும் மண்ணாயினும் கூரையாயினும் தார் வீதியாயினும் ஏறத்தாழ முழுதும் ஓடிவிடும். ஓடும் நீரின் விரைவு இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. மலைநாட்டில் ஒரு சிறு கான் ஓரிரவில் பெரும் பள்ளமாகிவிடுவதன் மருமம் இதுவே.

ஊவா மலைகள் எப்பொழுதும் இவ்வாறு திறந்து கிடந்தவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிப் பயிருக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியதும், அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. காடழிவின் தீங்கை அக்காலத்திலேயே உணர்ந்தோரும் இருந்தனர். இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த யோசப் ஹூக்கர் என்பார் 1873 ஆம் ஆண்டில் விடுத்த எச்சரிக்கையின் பின்னர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிப்பது தடைசெய்யப்பட்டது. ஆயினும் அதற்குக் கீழ்ப்பட்ட மலைகள் வெறுமையாயின. தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு புல்லும் முளைக்கவிடாது சுரண்டி எடுப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று பல்லாண்டுகள் கருதப்பட்டது. அவ்வாறு சுரண்டப்பட்ட மேல்மண் ஆறுகளிற் போய்ச் சேர்ந்தது. மண்ணரிப்பை ஆராய அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை 1931 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சுதந்திரத்தின் பின்னர் 1951 ஆம் ஆண்டில் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வெட்டிவரும் கான் இவ்விடத்தில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. மலைக்குக் குறுக்கே, ஏறத்தாழ ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமுமாக, 120 அடிக்கு ஓரடி மட்டுமே தாழும்படி மிக மெல்லிய சரிவில் இது வெட்டப்படுகிறது. கானின் உள்ளே இடையிடையே சிறு மண்தடுப்புகள் விடப்படும். நீர் ஒவ்வொரு தடுப்பின் பின்னும் தேங்கி, மண்ணைப் படியவிட்டு, மேலே வழிந்து அடுத்த பகுதிக்குச் செல்லும். இக்குறுக்குக் கான்களெல்லாம் மலையின் மேலிருந்து கீழிறங்கும் பெருங்கானில் வந்து சேரும். பெருங்கானுக்குக் கல் பாவப்படும், அல்லது புல் வளர்க்கப்படும். மெல்ல நடத்த வேண்டிய இடத்தில் மண்ணும், விரைந்து இறக்க வேண்டிய இடத்தில் கல்லுமாக இருமுறைகளும் இங்கே கைகோத்து நிற்கின்றன. மேல்நாட்டு அறிஞர் பசுமை முறை என்று இன்று பேசுவதன் ஒரு பகுதியை, மண்வெட்டியும் அலவாங்கும் பிடித்த கைகள் நூறாண்டுகளாகச் செய்துவந்திருக்கின்றன.

எனினும் அதன் அளவையும் அறிதல் வேண்டும். ஒரு ஹெக்டயர் மலையில் 10 மீற்றருக்கு ஒன்றாக, 100 மீற்றர் நீளமுள்ள கான்கள் பத்து இருக்கின்றன என்று கொள்வோம். ஒன்றரை அடிச் சதுரக் கானின் ஒவ்வொரு மீற்றரும் ஏறத்தாழ 200 லீற்றர் கொள்ளும். ஆகவே ஆயிரம் மீற்றர்க் கானும் சேர்ந்து 2 இலட்சம் லீற்றர் கொள்ளும். அஃது அந்த ஹெக்டயரிலே 20 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். சிறு மழையாயின் கான் முழுவதையும் ஏற்றுக்கொள்ளும். 100 மில்லிமீற்றர்ப் பெருமழையில் ஐந்தில் ஒரு பங்கையே ஏற்கும். கான் பாதி தூர்ந்திருந்தாலோ பத்தில் ஒரு பங்கே. எஞ்சிய நீருக்குக் கல் பாவிய வழி ஒன்று இருந்தே தீர வேண்டும். பசுமை முறை சிறு மழையை வெல்லும், பெருமழையைத் தணிக்கும். பெருமழையை முற்றாக வெல்வது அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

கல்முறையின் நன்மைகள் வெளிப்படையானவை. எவ்வளவு நீர் வந்தால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று பொறியியலாளர் முன்கூட்டியே கணக்கிட முடியும். இடம் குறைவாகப் போதும். கட்டி முடித்த நாளிலிருந்தே பயன் தரும். வீதி, புகையிரதப் பாதை, மருத்துவமனை போன்றவற்றைக் காக்க இதைவிட உறுதியான முறை இல்லை. தீமைகளோ மெல்லத் தெரிபவை. விரைவாகக் கொண்டுசென்ற நீரைக் கான் எங்கேயேனும் ஓரிடத்தில் விட்டுத்தானாக வேண்டும். விடும் இடத்தில் தகுந்த காப்பு இல்லையேல், மேலே வீட்டைக் காத்த நீர் கீழே இன்னொரு வீட்டின் அடித்தளத்தைப் பறிக்கும். மலை சிறிது அசைந்தாலும் கொங்கிறீட் வெடிக்கும். வெடிப்பின் வழியே நீர் மலையின் உள்ளே புகும்பொழுது, காக்க வந்த கானே கேட்டிற்குக் காரணமாகிவிடும். இரண்டு பொலிதீன் பைகளும் ஒரு மரக்கிளையும் போதும், அகன்ற மதகையும் அடைத்துவிட. அன்றியும், ஓடிச்சென்ற நீர் வறட்சிக் காலத்துக்கு ஒரு துளியும் விட்டுச்செல்வதில்லை.

பசுமை முறையின் நன்மைகள் பல கிளைகளாகப் பிரிபவை. வெட்டிவேரை மலைக்குக் குறுக்கே வரிசையாக நட்டால் அதன் வேர் 2 முதல் 3 மீற்றர் ஆழம் வரை செங்குத்தாக இறங்கி மண்ணைக் கட்டும். மேலே அடர்ந்த தூர்கள் வேலியாக நின்று வண்டலைப் பிடிக்கும். பழந்தேயிலையைப் பிடுங்கிப் புதிது நடுமுன் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்க்கும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. அதுவும் மண்ணைத் தேற்றி நீரை உறிஞ்சச் செய்வது. உறிஞ்சப்பட்ட நீரே பின்னர் ஊற்றாகவும் பீலியாகவும் திரும்பி வருகிறது. நிலத்தடி நீரின் விலை என்ன என்பதைப் பண்டாரவளைப் பகுதி மக்கள் கண்கூடாகக் கண்டனர். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துள் 2014 ஆம் ஆண்டின் இறுதியில் நீர் கசியத் தொடங்கியதன் பின்னர், அப்பகுதிக் கிணறுகள் பல வற்றின, வீடுகள் பல வெடித்தன. கண்ணுக்குத் தெரியாத நீருக்குக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை. அது போனபின்பே அதன் மதிப்புத் தெரியவருகிறது. மேலும், மலையில் தங்கிய மண் ஆற்றுக்குப் போகாத மண். வெலிமடைப் பகுதியின் காய்கறித் தோட்டங்களிலிருந்து உமா ஓயா வழியே சென்ற வண்டல் ரன்தம்பை நீர்த்தேக்கத்தை எவ்வாறு நிரப்பிவருகிறது என்பது நாடறிந்த செய்தி.

இவ்வளவு நன்மை இருக்கும்பொழுது எங்கும் பசுமை முறையையே கையாண்டால் என்ன என்று நேயர்கள் வினவக்கூடும். இங்கேதான் மலைநாடு சமவெளியினின்றும் வேறுபடுகிறது. சமவெளியில் மண்ணுள் இறங்கிய நீர் சேமிப்பாகும். நிலைகுலைந்த மலைச்சரிவில் மண்ணுள் இறங்கிய நீர் சுமையாகும். மண் துகள்களின் இடைவெளி முழுதும் நீர் நிரம்பும்பொழுது, ஒரு துகளோடு மற்றொன்று கொண்டுள்ள பிடி தளர்கிறது. நீரின் அழுத்தம் ஓர் எல்லையைக் கடந்ததும் மலையின் ஒரு பகுதி முழுவதுமே வழுக்கி இறங்குகிறது. வழுக்கும் தளம் ஆழத்தில் இருந்தால் வெட்டிவேரும் எட்டாது, மரவேரும் எட்டாது. மேலே நின்ற மரங்களும் சேர்ந்தே இறங்கிவிடும். ஆதலின், ஒரு நகரத்தில் நன்மை தரும் நீர் உறிஞ்சும் குழி, லயத்துக்கு மேலேயுள்ள தளர்ந்த சரிவில் தோண்டப்படுமாயின் பெருந்தீங்காய் முடியலாம்.

இதனை நினைவூட்ட ஊவாவில் ஒரு பெயர் போதும். அது மீரியபெத்த. கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்தில் 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில், தொடர்ந்து பெய்த மழையின் பின்னர் மலை சரிந்து லயங்களை மூடியது. காலையில் பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள் சிலர், திரும்பி வந்தபொழுது வீட்டையும் பெற்றோரையும் காணவில்லை. மண்ணுள் புதைந்தோரில் பலரின் உடல்கள் மீட்கப்படவே இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்றிடம் இல்லை. தப்பியோருக்குப் புது வீடுகள் கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. இழப்பின் பின்னர் வீடு கட்டச் செலவான பணம், இழப்பின் முன்னரே செலவாகியிருந்தால் எத்தனை உயிர்கள் எஞ்சியிருக்கும் என்பது எந்தக் கணக்காளரும் விலகிச் செல்ல முடியாத வினா.

ஆகவே, கல்லா புல்லா என்று கேட்குமுன் ஒவ்வொரு நிலத்தையும் பற்றி முதலில் ஒரு வினா எழுப்புதல் வேண்டும். இந்த இடத்தில் நீர் தங்கலாமா, தங்கக்கூடாதா? உறுதியான நிலத்தில், மென்சரிவில், பள்ளத்தாக்கில், வயலில் நீர் தங்கலாம். அங்கே பசுமை முறைக்கு முதலிடம். தளர்ந்த சரிவில், பழைய சரிவின் மேல், வீடுகளுக்கு மேலேயுள்ள மண்வெட்டில் நீர் தங்கக்கூடாது. அங்கே நீரைப் பிடித்து, மூடிய கானில் பாதுகாப்பாக இறக்கும் கல்முறைக்கு முதலிடம். புல்லும் மரமும் அங்கே துணை நிற்கலாம், தலைமை தாங்க இயலாது.

இப்பாடத்தை உயிர்கொடுத்துக் கற்ற நாடுகள் வேறும் உண்டு. ஹொங்கொங்கில் 1972 ஆம் ஆண்டு யூன் 18 ஆம் நாள் நிகழ்ந்த இரு மண்சரிவுகளில் 138 பேர் இறந்தனர். 1976 ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு சரிவு உயிர்களைக் கொண்டது. அதற்கடுத்த ஆண்டில் சரிவுகளைக் கண்காணிக்கவென்றே ஓர் அரசாங்க அலுவலகம் நிறுவப்பட்டது. அங்கே மழைநீர் உட்புகாவண்ணம் சரிவுகளின் மேல் சுண்ணாம்பும் மண்ணும் சீமெந்தும் கலந்து பூசும் வழக்கம் இருந்தது. அப்பூச்சுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய ‘சுனம்’ என்னும் பெயர் தமிழின் சுண்ணத்துக்கு உறவானது. பின்னர்ச் சரிவுகளை முறையாக வடிகாலிட்டு உறுதிப்படுத்தும் ஆற்றல் வந்ததும், அந்தச் சாம்பல் நிறப் பூச்சைக் கைவிட்டுப் புல்லும் செடியும் வளர்க்கத் தொடங்கினர். முதலில் உறுதி, பின்னர்ப் பசுமை என்பதே அவர்கள் கண்ட வரிசை.

சமவெளி நகரங்களின் அனுபவம் சற்று வேறானது. அமெரிக்காவின் பிலதெல்பியா நகரம் 2011 ஆம் ஆண்டில் 25 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெருஞ்சுரங்கங்கள் அமைப்பதிலும் பார்க்க, வீதியோரத் தோட்டங்களாலும் நீர் புகும் நடைபாதைகளாலும் மழையை விழுந்த இடத்திலே தாமதப்படுத்துவது சிக்கனமானது என்று அந்நகரத்தார் கணக்கிட்டனர். சீனாவோ நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சும் நகரங்களை அமைக்க முற்பட்டது. அவற்றுள் ஒன்றாகிய செங்சௌ நகரில் 2021 ஆம் ஆண்டு யூலை 20 ஆம் நாள் ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீற்றர் மழை பெய்தது. சுரங்கப் பாதைகள் நிரம்பின. அந்நகரில் 380 பேர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். பஞ்சுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை கடந்த நாளில் உயிரைக் காப்பது, நேரத்தோடு வந்த எச்சரிக்கையும் அதற்குச் செவிசாய்த்த மக்களுமே.

பதுளை நகருக்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்போம். 250 சதுர மீற்றர்க் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 25,000 லீற்றர் நீர் வடியும். ஒரு வீட்டார் 1,000 லீற்றர்த் தாங்கி வைத்திருந்தால் அது முதல் 4 மில்லிமீற்றரிலேயே நிரம்பிவிடும். ஆகவே தாங்கி குடிநீர்க் கவலையைத் தீர்க்கும், கடைவீதி வெள்ளத்தைத் தீர்க்காது. வெள்ளத்தைத் தணிக்க வேண்டுமாயின், பதுளு ஓயாவின் கரையோரத்தையும் பள்ளத்து வயல்களையும் மண்ணிட்டு நிரப்பாது விட்டுவைத்தலே முதற்கடமை. ஒரு வயல் நீரை ஒரு நாள் தாங்குவதற்குக் கூலி கேட்பதில்லை. அதனை நிரப்பிக் கட்டடம் எழுப்பியபின், அதே வேலையைச் செய்யக் கொங்கிறீட்டுக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டியிருக்கும். மேட்டு வீதிகளின் ஓரத்திலோ கல்லுக் கான் இன்றியமையாதது. அங்கே புல்லை மட்டும் நம்புதல் தகாது.

இரு முறைகளையும் இணைக்கும் முயற்சி பதுளையிலேயே நடந்திருக்கிறது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை அடுத்த பதுலுசிறிகம என்னும் இடத்தில், மெல்ல மெல்ல நகரும் மண்சரிவு ஒன்று உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், ஆசிய அனர்த்தத் தயார்நிலை நிலையத்தோடும் உலக வங்கியின் உதவியோடும் அதனை ஒரு மாதிரிக் களமாக எடுத்துக்கொண்டது. வடிகால் வேலைகளுக்குத் துணையாக எந்தத் தாவரத்தின் வேர் எவ்வளவு பிடி தரும், எந்த மரம் மண்ணிலிருந்து எவ்வளவு நீரை உறிஞ்சி ஆவியாக்கும் என்று ஆராய்ந்து, அதற்கேற்பச் செடிகளைத் தெரிவதே அம்முயற்சியின் நோக்கம். மரம் நடுதல் ஒரு சடங்காக முடிந்துவிடாது, ஒரு கணக்கின்படி நடைபெற வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இனிச் செலவைப் பற்றி. விளக்கத்துக்காக மட்டும் ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கொங்கிறீட் கான் அமைக்க 100 ரூபாய், ஆண்டுதோறும் துப்புரவாக்க 2 ரூபாய் என்றால், 30 ஆண்டுகளில் செலவு 160 ரூபாய். அதே இடத்தில் புற்கான் அமைக்க 30 ரூபாய், ஆண்டுதோறும் வெட்டவும் தூர் எடுக்கவும் 6 ரூபாய் என்றால், 30 ஆண்டுகளில் செலவு 210 ரூபாய். பசுமை முறை மலிவானது என்று பொதுவாகக் கூறுவோர் தொடக்கச் செலவை மட்டும் பார்க்கின்றனர். கல்முறையே உறுதியானது என்று கூறுவோர், கானின் வாயிலிலிருந்து கீழே பறிபோகும் நிலத்தையும் வற்றும் ஊற்றையும் ஏட்டில் எழுதுவதில்லை. அவற்றின் விலையை 60 ரூபாய் என்று சேர்த்தால் தராசு மறுபுறம் சாய்ந்துவிடும். இன்னொன்றும் நோக்கத்தக்கது. கொங்கிறீட்டுக்குக் கொடுத்த பணம் சீமெந்துக்கும் கம்பிக்குமாக ஊரைவிட்டு வெளியேறும். புல் வெட்டவும் கான் தூர்வாரவும் கொடுத்த பணம் அவ்வூர்த் தொழிலாளியின் கூலியாக ஊரிலேயே தங்கும். ஆயினும் அக்கூலியைக் கொடுக்க யாரும் முன்வராவிடின், இரண்டு மழைக்காலங்களில் புற்கான் இருந்த இடமே தெரியாது போகும். பசுமை முறையின் உயிர் ஆண்டுச் செலவில் இருக்கிறது.

அந்த ஆண்டுச் செலவை ஏற்பவர் யார்? தோட்டங்களில் இவ்வினா மிகவும் சிக்கலானது. நிலம் அரசாங்கத்துக்கு உரியது. 1992 ஆம் ஆண்டு முதல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் உள்ளது. லயத்தில் வாழ்வோருக்கோ தம் வாசலுக்கு மேலேயுள்ள சரிவின் மீது உரிமை இல்லை. கொழுந்து விலை தாழும்பொழுது முதலில் நிறுத்தப்படும் வேலைகளுள் கான் வெட்டும் ஒன்று. நிறுத்தியதால் அவ்வாண்டு இலாபம் சிறிது கூடும். அதன் செலவு பல ஆண்டுகளின் பின்னர் கீழே உறங்குவோரின் தலையில் விழும். பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளுக்குப் பணம் செலவிடத் தடையாயிருந்த சட்டம் 2018 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. எனவே லயத்துக் கானும் ஊர்க் கானும் ஒரே சபையின் கணக்கில் இடம்பெற இன்று வழி உண்டு. அவ்வழியைக் கேட்டுப் பெறுவது மக்களின் கடமை. திட்டமிட்டுச் செய்வது சபைகளின் கடமை. 1951 ஆம் ஆண்டுச் சட்டம் நில உடையோர் மீது சுமத்திய பொறுப்பை நினைவிற் கொள்வது நிர்வாகங்களின் கடமை.

2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைக் கடந்தபொழுது, நாடெங்கும் 600 க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையகமே மிகக் கூடுதலாகத் துன்புற்றது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் ஊர்களை மூடின. புகையிரதப் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டது. அத்தகைய மழைக்கு முன் எந்தக் கானும் எந்த வெட்டிவேரும் தனித்து நின்றுவிடாது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாதல், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறுதல் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள படிகளை ஒவ்வொரு லயத்தாரும் மனனம் செய்துகொள்ள வேண்டும். பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் அளந்து, கரும்பலகையில் எழுதிவைக்க மாணவர்களால் இயலும். அதற்கான செலவு மிகச் சிறிது. அதனால் காக்கப்படும் உயிருக்கு விலையில்லை.

மழைநீரைப் பற்றிய கணக்கு, பொறியியலாளரின் மேசையோடு முடிந்துவிடும் கணக்கன்று. மேலே இருப்பவன் தன் நீரை விரட்டிவிட்டதால் மீந்த பணம் சேமிப்பாகாது. அது கீழே இருப்பவனிடம் பெற்ற கடனே. அக்கடனைப் புட்டியில் வெட்டிவேரும், வழியில் கல்லும், பள்ளத்தில் வயலுமாக இடமறிந்து தீர்க்கலாம். புரட்டாதி மாதத்திலே, முதல் மழை விழுமுன், ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு தெருவிலும் நாலைந்து பேர் மண்வெட்டியோடு ஒருமுறை கானின் தொடக்கம் முதல் முடிவு வரை நடந்து பார்ப்பார்களாயின், எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது, நீர் இறுதியில் யாருடைய வாசலில் விடப்படுகிறது என்பன தெரியவரும். அந்தக் கடைசி வாசல்வரை நடந்து பார்த்தபின் போடும் கணக்கே சரியான கணக்கு.